தக்கலையில் ஒன்பது பேர் அலுவலகத்துக்கு எந்த நெட்வொர்க் போடுவது?

கேள்வி இது: கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் ஒரு பழைய மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து ஆடிட்டர் அலுவலகம் தொடங்குகிறார்கள். கீழே 5 பேர், மாடியில் 4 பேர். 9 கணினி, தளத்துக்கு ஒன்றாக 2 பிரிண்டர், 4 கேமரா, வருகைப் பதிவுக்கு ஒரு பயோமெட்ரிக். எல்லோரும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். "பியர் டு பியர் போதுமா, சர்வர் வேண்டுமா? சுவரை உடைக்காமல் வைஃபையிலேயே முடித்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

மேசைக் கணினிகள் ஒன்பதுக்கும் கேபிள் இழுங்கள். வைஃபையை மடிக்கணினி, செல்போன், வந்துபோகும் வாடிக்கையாளர் ஆகியோருக்கு மட்டும் வையுங்கள். விண்டோஸ் சர்வர் இப்போது வேண்டாம். ஆனால் யாரும் உட்கார்ந்து வேலை செய்யாத ஒரு தனிக் கணினி, டேட்டாவுக்கென்றே, கட்டாயம் வேண்டும்.

பாடப்புத்தகத்தில் பஸ், ரிங், ஸ்டார் என்று பல வடிவம் படித்திருப்பீர்கள். இன்றைக்கு அலுவலகத்தில் போடுவது ஸ்டார் ஒன்றுதான்: நடுவில் ஸ்விட்ச் (எல்லாக் கேபிளும் வந்து சேரும் பெட்டி), ஒவ்வொரு மேசைக்கும் அதிலிருந்து தனிக் கேபிள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க வேண்டியது கோப்புகள் எங்கே இருக்கும், யார் எதைத் திறக்கலாம் என்பதைத்தான். நெட்வொர்க்கின் வகையைத் தீர்மானிப்பது அதுவே.

பியர் டு பியர் என்றால் ஒவ்வொருவரும் தன் கணினியிலிருந்தே ஃபோல்டரைப் பகிர்வது. மூன்று பேர் இருக்கும் கடைக்கு அது போதும். ஒன்பது பேர் ஆனதும் சிக்கல் தொடங்குகிறது. கோப்பு வைத்திருப்பவர் மாலை ஐந்து மணிக்குக் கணினியை அணைத்துவிட்டுப் போனால், ஆறு மணி வரை இருப்பவருக்கு வேலை நின்றது. அவர் விண்டோஸ் அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் கொடுத்தால் மற்ற எட்டுப் பேரின் டேலியும் அறுந்துபோகும். எந்தக் கோப்பின் எந்தப் பதிப்பு யாரிடம் இருக்கிறது என்றே தெரியாமல் போகும். பேக்கப்பை ஒன்பது இடத்தில் எடுக்க வேண்டிவரும், ஆகவே யாரும் எடுக்கமாட்டார்கள்.

எதிர்ப்பக்கம், எல்லோரின் கணக்கையும் அனுமதியையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸ் சர்வரும் டொமைனும். அதற்கு லைசென்ஸ் செலவு உண்டு, அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். ஒன்பது பேருக்கு அது பாரம். பதினைந்து பேரைத் தாண்டும்போதும், பயிற்சிக்கு வரும் மாணவர்கள் அடிக்கடி மாறி அவர்களின் அனுமதிகளைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டிவரும்போதும் டொமைனுக்குப் போங்கள். சாதாரண விண்டோஸ் 11 கணினி ஒன்றிலிருந்து ஒரே நேரத்தில் 20 இணைப்புகள் வரைதான் கோப்பைப் பகிரலாம், அந்த எல்லையும் நினைவில் இருக்கட்டும்.

உங்களுக்குப் பொருத்தம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எஸ்எஸ்டி போட்ட, விண்டோஸ் 11 ப்ரோ உள்ள ஒரு கணினியை டேட்டா கணினி என்று ஒதுக்கி, ஸ்விட்ச் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். மானிட்டர்கூடத் தேவையில்லை. டேலியின் டேட்டா ஃபோல்டர், வாடிக்கையாளர் கோப்புகள் எல்லாம் அதில். ஸ்லீப் 'நெவர்' என்று இருக்க வேண்டும், நெட்வொர்க் 'பிரைவேட்' என்று இருக்க வேண்டும். இந்த இரண்டையும் மறந்ததால்தான் "நேற்று வந்தது, இன்றைக்குக் காணோம்" என்ற புகார் பெரும்பாலும் வருகிறது.

அந்தக் கணினியில் ஒன்பது பேருக்கும் ஒன்பது யூசர் கணக்கு உருவாக்குங்கள். அவரவர் கணினியில் உள்ள அதே யூசர் பெயர், அதே பாஸ்வேர்ட் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் கேட்காது. பலர் இங்கே தடுமாறுவது பின் நம்பரில். கணினியைத் திறக்கும் பின், நெட்வொர்க் ஃபோல்டரைத் திறக்காது. அதற்குப் பாஸ்வேர்டேதான் வேண்டும். பாஸ்வேர்ட் இல்லாமல் 'எவ்ரிஒன்' என்று திறந்துவிடும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பிலிருந்து பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் இணைப்பை அதுவே மறுக்கிறது. ரவுட்டரின் யூஎஸ்பியில் ஹார்ட்டிஸ்க் செருகிப் பகிர்ந்தவர்களுக்கும், பழைய நாஸ் (நெட்வொர்க்கில் இணையும் டிஸ்க் பெட்டி) வைத்திருப்பவர்களுக்கும் புதுக் கணினியில் மட்டும் ஃபோல்டர் திறக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், பழைய கணினி வாங்குவதாக இருந்தால் 11 ஏறுமா என்று பார்த்து வாங்குங்கள்.

டேலியைப் பொறுத்தவரை சில்வர் லைசென்ஸ் ஒரு ஆளுக்கு. ஒரே லேனில் (அலுவலகத்துக்குள் உள்ள நெட்வொர்க்) பலர் வேலை செய்ய கோல்ட் வேண்டும். கோல்டை டேட்டா கணினியிலேயே ஆக்டிவேட் செய்து, மற்றவர்கள் அதிலிருந்து லைசென்ஸ் எடுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். லைசென்ஸ் வழக்கமாக 9999 என்ற எண்ணுள்ள போர்ட்டில் (கணினிக்குள் நுழையும் மென்பொருள் வாசல்) போகிறது. டேட்டா கணினியின் ஃபயர்வால் அதை அடைத்திருந்தால் மற்றவர்களுக்கு டேலி எஜுகேஷனல் மோடில்தான் திறக்கும். ஃபயர்வாலை மொத்தமாக அணைக்காமல் அந்தப் போர்ட்டை மட்டும் திறந்துவிடுங்கள்.

வைஃபையை ஏன் மேசைகளுக்கு வேண்டாம் என்கிறேன் என்பதற்கும் டேலிதான் முதல் காரணம். பகிர்ந்த ஃபோல்டரில் உள்ள டேட்டாவில் எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் கம்பெனி டேட்டா கெட்டுப்போக வாய்ப்புண்டு. யூடியூப் பார்ப்பவருக்கு அந்த ஒரு நொடி தெரியவே தெரியாது. ஆகவே "வைஃபை நன்றாகத்தானே வருகிறது" என்ற சோதனை இங்கே செல்லாது. இரண்டாவது காரணம் வீடு. தக்கலை, பத்மநாபபுரம் பக்கத்துப் பழைய வீடுகளின் வெட்டுக்கல் சுவர்கள் தடிமனானவை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அப்படி இரண்டு சுவரைக் கடந்தாலே பெரும்பாலும் தளர்ந்துவிடும். 2.4 தாண்டிப் போகும், ஆனால் பக்கத்துக் கடைகளின் வைஃபை எல்லாமும் அதே அலைவரிசையில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும்.

சுவரை உடைக்க வேண்டியதும் இல்லை. வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார் என்றால் பிவிசி கேசிங்கைச் சுவரின் மேல் ஓட்டிவிடலாம். மேலே மர மச்சு இருந்தால் அதற்குள் கேபிளை வெறுமனே போட்டுவிடாதீர்கள், எலி கடித்துவிடும். குழாய்க்குள் விட்டே எடுங்கள். 25 மில்லிமீட்டர் குழாயில் நான்கு அல்லது ஐந்து கேட் 6 (நெட்வொர்க் கேபிளின் ஒரு தரம்) கேபிள்தான் விடலாம். அதற்கு மேல் திணித்தால் இழுக்கும்போதே உள்ளே முறுக்கிக்கொள்ளும். கரண்ட் வயரோடு ஒரே குழாயில் ஒருபோதும் கூடாது. பக்கத்தில் இணையாக ஓடினால் ஒரு அடி இடைவெளி, குறுக்கே போகத்தான் வேண்டுமென்றால் செங்குத்தாக.

கேபிள் வாங்கும்போதுதான் அதிக ஏமாற்று நடக்கிறது. 305 மீட்டர் பெட்டி ஒன்று மற்றதைவிடப் பாதி விலை என்றால் அது பெரும்பாலும் சிசிஏ, அதாவது அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசியது. கத்தியால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். நாலைந்து முறை வளைத்தால் ஒடியும். மின்தடை கூடுதல் என்பதால் கேமராவுக்கு டேட்டா போகும் அதே கேபிளில் மின்சாரமும் (பிஓஈ) கொடுத்தால் சூடாகும், தூரத்தில் உள்ள கேமரா இரவில் ஐஆர் விளக்கு எரியும் நேரம் பார்த்து அணையும். முழுச் செம்பு கேட் 6 என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கேட் 5இ கூட 100 மீட்டர் வரை ஜிகாபிட் தரும். புதிதாக இழுக்கும்போது கேட் 6 போடச் சொல்வது பிறகு இன்னொரு முறை சுவர் ஏறக்கூடாது என்பதற்காக.

அளவு எவ்வளவு என்று கணக்கிடுவோம். கீழே 5 மேசை, 1 பிரிண்டர், பயோமெட்ரிக், ஒரு வைஃபை ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி), அதோடு வருங்காலத்துக்கு 3 பாயின்ட்: மொத்தம் 11. சராசரி 12 மீட்டர் என்றால் 132 மீட்டர். மாடியில் தனியாக ஒரு ஸ்விட்ச் வைத்தால் 4 மேசை, 1 பிரிண்டர், 1 ஆக்சஸ் பாயின்ட், 1 உபரி: 7 பாயின்ட், தலா 8 மீட்டர், 56. கீழிருந்து மேலே ஒன்றுக்கு இரண்டாக இழுங்கள், 24 மீட்டர். ஒன்று ஓடும், மற்றது பழுது வந்தால் மாற்ற. நான்கு கேமராவுக்கு தலா 15, மொத்தம் 60. கூட்டினால் 272, வெட்டி வீணாவது பத்து சதவீதம் சேர்த்தால் 299. ஒரு பெட்டி சரியாக இருக்கும். இழுப்பதற்கு முன் நூல் பிடித்து அளந்துவிடுங்கள். கீழ்த்தளத்தின் சராசரி 12 மீட்டரைத் தாண்டினால் பெட்டி பற்றாமல் போகலாம், கேபிளை நடுவில் ஒட்டுப்போட ஆரம்பித்துவிடுவார்கள். ஒட்டு வேண்டவே வேண்டாம்.

கீழே 16 போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச். மாடியில் 8 போர்ட் போதும், ஆனால் ஏழு பாயின்ட்டும் கீழிருந்து வரும் இணைப்பும் சேர்ந்தால் எட்டும் நிறைந்துவிடும். ஆள் கூடும் என்று தெரிந்தால் அங்கேயும் 16. பெட்டியில் ஜிகாபிட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், '10/100' மட்டும் என்றால் வாங்க வேண்டாம். ஒரு ஜிபி கோப்பை நகலெடுக்க 100 எம்பிபிஎஸ் ஸ்விட்சில் ஒன்றரை நிமிடம் ஆகும், ஜிகாபிட்டில் பத்து நொடி.

கேபிள் முனையில் பிளக்கை மாட்டி அழுத்தும்போது (கிரிம்பிங்) இரு முனையிலும் ஒரே வரிசை, அதாவது 568பி: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. மேலுறை பிளக்குக்கு உள்ளே வரை போய் அதன் பிடியில் நிற்க வேண்டும், வெளியே நின்றால் இழுபட்டே கழன்றுவிடும். வேலை முடிந்ததும் எல்லா பாயின்ட்டையும் டெஸ்டரில் உங்கள் கண் முன்னே பார்க்கச் சொல்லுங்கள். எட்டு விளக்கும் வரிசையாக எரிய வேண்டும். பிறகு ஒவ்வொரு கணினியிலும் லிங்க் ஸ்பீடு பாருங்கள். 1 ஜிபிபிஎஸ்க்குப் பதிலாக 100 எம்பிபிஎஸ் காட்டினால் 4, 5, 7, 8 கம்பிகளில் ஏதோ ஒன்று சேரவில்லை. இணையம் வருவதால் யாரும் இதைக் கவனிப்பதில்லை, டேலி மட்டும் மெதுவாக ஓடும்.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் போலக் கடலை ஒட்டிய இடமாக இருந்தால் உப்புக்காற்று பிளக்கின் தொடுமுனைகளைச் சில வருடங்களிலேயே பச்சைபிடிக்க வைக்கும். அங்கே தங்கமுலாம் தடிப்பாக உள்ள பிளக்கும் மூடிய ரேக்கும் அவசியம். தக்கலையில் அந்த அளவுக்கு இல்லை. வெளிக் கேமராக்களுக்கு மட்டும் பிளக்கை அடைத்த பெட்டிக்குள் வைத்து, கேபிளைச் சுவருக்குள் நுழைவதற்கு முன் ஒரு முறை கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே வராது.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் உண்டு. இடி என்றால் சித்திரைக் கோடை மழையிலும் ஐப்பசியிலும்தான் கடுமை. நெட்வொர்க் கருவிகளை மின்னல் தாக்குவது பெரும்பாலும் நேரடியாக அல்ல, கம்பி வழியாக. எதிர்க் கட்டடத்திலோ பின்னால் உள்ள ஷெட்டிலோ ஒரு கணினி இருந்தால் அங்கே செம்புக் கேபிளை வெளியில் தொங்கவிட்டு இழுக்காதீர்கள். இரண்டு கட்டடத்தின் எர்த்தும் வேறு. பக்கத்தில் இடி விழுந்தால் அந்த வேறுபாடு கேபிள் வழியே பாய்ந்து இரு பக்க ஸ்விட்சையும் எரிக்கும். பதிலாக ஃபைபரும், அதன் இரு முனையிலும் அதைச் செம்புக் கேபிளோடு சேர்க்கும் மீடியா கன்வெர்ட்டரும் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஃபைபர் கேபிளில் தாங்குவதற்காக ஒரு எஃகுக் கம்பி கூடவே வருவதுண்டு. அந்தக் கம்பியை வெளிச்சுவரிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள், உள்ளே கொண்டுவந்தால் ஃபைபர் போட்டதன் பலனே பாதி போய்விடும்.

வாடகை வீடு என்பதால் எர்த்தையும் சோதிக்க வேண்டும். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினாலோ, எலக்ட்ரீஷியன் சோதித்து மூன்றாவது பின்னுக்கு எர்த்தே வரவில்லை என்றாலோ, சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுப்பது) எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் முழுப் பாதுகாப்புத் தராது. முதலில் எர்த் குழியைச் சரிசெய்யுங்கள்.

இணையம் தருபவர் வைக்கும் ஓஎன்டி பெட்டியையே (ஃபைபர் வந்து முடியும் மோடம்) எல்லாவற்றுக்கும் நம்ப வேண்டாம். அதை பிரிட்ஜ் மோடில் (இணைப்பை மட்டும் கடத்தும்படி) போடச் சொல்லி, அதன் பின்னால் உங்கள் சொந்த ரவுட்டர் ஒன்றை வையுங்கள். இரண்டு வேன் போர்ட் (வெளி இணைய இணைப்பைச் செருகும் இடம்) உள்ள ரவுட்டர் என்றால் நல்லது, ஜிஎஸ்டி கடைசி நாளில் ஃபைபர் அறுந்தாலும் இன்னொரு கம்பெனியின் இணைப்போ 4ஜி, 5ஜி சிம்மோ தானாக எடுத்துக்கொள்ளும். உள் நெட்வொர்க்கின் ஐபி எண்களை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள முகவரி) 192.168.10.1 என்று தொடங்குங்கள். பல ஓஎன்டிகள் 192.168.1.1ஐப் பிடித்து வைத்திருப்பதால் அதே வரிசையை உள்ளேயும் வைத்தால் மோதும். டேட்டா கணினிக்கு 10.10, பிரிண்டர்களுக்கு 10.21, 10.22, பயோமெட்ரிக்குக்கு 10.31, கேமரா ரெக்கார்டருக்கு 10.41 என்று கடைசி இரண்டு எண்ணை நிலையாகக் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு 100 முதல் 199 வரை ரவுட்டரின் டிஎச்சிபி (தானாக எண் வழங்கும் வசதி) தரட்டும். பிரிண்டருக்கு நிலையான எண் கொடுக்காததுதான் "கரண்ட் போய் வந்தால் பிரிண்ட் ஆகவில்லை" என்பதற்குப் பெரும்பாலும் காரணம்.

இரண்டு தவறுகள் மொத்த அலுவலகத்தையும் நிறுத்திவிடும். ஒன்று, யாரோ ஒருவர் சிக்னல் பற்றவில்லை என்று கடையில் ஒரு வைஃபை ரவுட்டர் வாங்கிவந்து அதன் லேன் போர்ட்டில் கேபிளைச் செருகுவது. அதுவும் டிஎச்சிபி எண்களை வாரி வழங்கத் தொடங்கும், பாதிப் பேருக்கு இணையம் இருக்காது, பாதிப் பேருக்கு இருக்கும். இன்னொன்று, கீழே கிடக்கும் கேபிளின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்சில் செருகுவது. சாதாரண ஸ்விட்சில் இதைத் தடுக்கும் வசதி பெரும்பாலும் இருக்காது. எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் வெறிபிடித்ததுபோல் மின்னும், யாருக்கும் எதுவும் ஓடாது. அப்படி ஆனால் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள், எதைப் பிடுங்கியதும் விளக்குகளின் அந்த மினுமினுப்பு அடங்குகிறதோ அதுதான். ஒரு கணினியில் மட்டும் 169.254 என்று தொடங்கும் எண் வந்தால் அது ரவுட்டரை எட்டவேயில்லை என்று அர்த்தம், முதலில் அந்தக் கேபிளைப் பாருங்கள்.

வைஃபைக்குத் தளத்துக்கு ஒன்றாக இரண்டு ஆக்சஸ் பாயின்ட், இரண்டுக்கும் கேபிள் வழியாகவே இணைப்பு. சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கிவிடும். 2.4இல் ஒன்றுக்குச் சானல் 1, மற்றதுக்கு 6 அல்லது 11. வாடிக்கையாளருக்குத் தனியாக கெஸ்ட் வைஃபை. அலுவலகப் பாஸ்வேர்டை வெளியாள் யாருக்கும் கொடுக்கக் கூடாது. உங்களிடம் இருப்பது ஊராரின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும். பாஸ்வேர்ட் இல்லாமலே இணைய விடும் டபிள்யூபிஎஸ் பொத்தானை செட்டிங்கில் அணைத்துவிடுங்கள்.

கேமராக்களை பிஓஈ போர்ட் உள்ள என்விஆரில் (கேமரா ரெக்கார்டர்) நேராகச் செருகினால் அவற்றின் போக்குவரத்து டேலியின் பாதையில் வராது. ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் என்று வைத்தால் நான்குக்கு ஒரு நாளைக்கு 86 ஜிபி ஆகும், 1 டிபி டிஸ்க் பதினொரு நாள் தாங்கும். ஒரு மாதப் பதிவு வேண்டுமானால் 3 டிபிக்குக் குறையாமல் போடுங்கள்.

மின்சாரத்துக்கு ஓஎன்டி, ரவுட்டர், இரண்டு ஸ்விட்ச், இரண்டு ஆக்சஸ் பாயின்ட், என்விஆர், கேமராக்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 100 வாட்தான். 600 விஏ யூபிஎஸ்ஸில் இருக்கும் சின்ன பேட்டரி அதைச் சுமார் இருபது நிமிடம் இழுக்கும். 150 ஏஎச் பேட்டரி போட்ட இன்வெர்ட்டர் பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். டேட்டா கணினிக்கு மட்டும் தனி யூபிஎஸ் கொடுங்கள். இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் அது ரீஸ்டார்ட் ஆனால் திறந்திருக்கும் டேலி டேட்டாவுக்கு ஆபத்து.

பேக்கப் இல்லாமல் மேலே சொன்ன எதற்கும் பொருளில்லை. தினமும் இரவில் டேட்டா கணினியிலிருந்து இரண்டு டிஸ்க் உள்ள நாஸுக்கு நகல் போகட்டும். அந்த நாஸின் பாஸ்வேர்ட் ஊழியர் யாருடைய கணினியிலும் பதிந்திருக்கக் கூடாது, ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் திறந்திருக்கும் ஃபோல்டர் அத்தனையையும் பூட்டிவிடும். நாஸில் இரண்டு டிஸ்க் ஒன்றையொன்று நகலெடுப்பதைப் பேக்கப் என்று எண்ண வேண்டாம், ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும். ஆகவே இரண்டு வெளி ஹார்ட்டிஸ்க் வாங்கி வாரம் மாற்றி வாரம் நகலெடுத்து, ஒன்று எப்போதும் வேறு கட்டடத்தில் இருக்கட்டும். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படியொரு வாரத்தில் கிளவுடில் மட்டும் வைத்திருப்பவருக்குக் கையில் எதுவும் இருக்காது, அலுவலகத்தில் மட்டும் வைத்திருப்பவருக்கு ஓடு பறந்தால் எதுவும் மிஞ்சாது. மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு கம்பெனி டேட்டாவை நகலிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டும் என்று பிறகு கேட்பீர்கள். ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்து ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இணையத்துக்கு விடச் சொல்பவரை அனுமதிக்காதீர்கள். சிறு அலுவலகங்களுக்குள் ரான்சம்வேர் நுழையும் முக்கிய வாசல்களில் அது ஒன்று. ரவுட்டரிலேயே வயர்கார்டு போன்ற விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப்பாதை) அமைத்து அதன் வழியாக வரட்டும். அதற்கு பப்ளிக் ஐபி, அதாவது இணையத்திலிருந்து நேராக எட்டக்கூடிய, உங்களுக்கே உரிய எண், வேண்டும். பல ஃபைபர் இணைப்புகளில் அது கிடைப்பதில்லை, பலருக்குச் சேர்த்து ஒரே ஐபியைத்தான் தருகிறார்கள். ஆகவே இணைப்பு எடுக்கும்போதே ஸ்டாட்டிக் (மாறாத) ஐபி உண்டா, மாதம் எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.